"இஃப்" போட்டதும் வாக்கியம் சறுக்குகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கலாம்

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். "அக்கா, நான் பேசுறதைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க" என்று வந்து உட்கார்ந்தாள். பி.காம். முடித்தவள், தயக்கமில்லாமல்தான் பேசினாள், ஆனால் "இஃப்" வந்த இடத்தில் எல்லாம் வாக்கியம் சறுக்கியது. "இஃப் ஐ ஃபினிஷ் மை கோர்ஸ் லாஸ்ட் இயர், ஐ வில் ஜாயின் தட் கம்பெனி" என்றாள். என்ன சொல்ல வந்தாயோ அதைத் தமிழில் சொல் என்றேன். "போன வருஷமே கோர்ஸை முடிச்சிருந்தா அந்தக் கம்பெனியில சேர்ந்திருப்பேன்க்கா." அந்தத் தமிழ் வாக்கியத்தில் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. முடிச்சிருந்தா, சேர்ந்திருப்பேன். ஆங்கிலத்துக்கு வேண்டிய இரண்டு துண்டும் அவள் வாயிலேயே இருந்தன, அவற்றை எங்கே கொண்டுபோய்ப் பொருத்துவது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

இலக்கணப் புத்தகங்கள் இதை ஜீரோ, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் கண்டிஷனல் என்று நம்பர் போட்டுச் சொல்லிக்கொடுக்கும். பரீட்சைக்கு அது சரி. பேச வாயைத் திறக்கும்போது எந்த நம்பர் என்று யாரும் யோசிப்பதில்லை, யோசித்தால் பேச்சு நின்றுவிடும். அதனால் நான் தலைகீழாகப் போகிறேன். உங்கள் வாக்கியத்தில் எந்தக் கோளாறு தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போங்கள். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், காதுக்குப் பழகினால்தான் இது கைக்கு வரும்.

அறிகுறி: "இஃப்"போடு "மீன்ஸ்" ஒட்டிக்கொண்டு வருகிறது

"இஃப் யூ செலக்ட் மீ மீன்ஸ், ஐ வில் டூ மை பெஸ்ட்." இது நம் ஊரில் அவ்வளவு சகஜம், சொல்பவர் காதிலும் உறுத்தாது, கேட்பவர் காதிலும் உறுத்தாது. வெளியூர்க்காரர் கேட்டால் மட்டும் ஒரு நிமிடம் விழிப்பார்.

காரணம் நம்முடைய "-ன்னா". எழுத்தில் "என்றால்". இந்த ஒரே சொல்லுக்கு நம்மிடம் இரண்டு வேலை. "மகரந்தம் என்றால் என்ன?" என்பதில் பொருள் கேட்கிறோம், "நீங்கள் வருகிறீர்கள் என்றால் சொல்லுங்கள்" என்பதில் நிபந்தனை போடுகிறோம். ஆங்கில "மீன்ஸ்" முதல் வேலையை மட்டும்தான் செய்யும். இரண்டாவது வேலையை "இஃப்" ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது, மறுபடி ஓர் ஆள் வேண்டாம்.

செய்ய வேண்டியது: "மீன்ஸ்" வரும் இடத்தில் வாயை மூடி ஒரு சின்ன இடைவெளி விடுங்கள். "இஃப் யூ செலக்ட் மீ", இடைவெளி, "ஐ வில் டூ மை பெஸ்ட்." எழுதினால் அந்த இடைவெளிக்குக் காற்புள்ளி. "இல்லேன்னா" என்பதை "இஃப் நாட் மீன்ஸ்" என்று சொல்பவர்கள் "அதர்வைஸ்" என்று மாற்றிக்கொண்டால் போதும்.

அறிகுறி: "இஃப்" பக்கத்திலேயே "வில்" வந்து உட்கார்கிறது

"இஃப் ஹீ வில் கம் டுமாரோ, ஐ வில் டெல் ஹிம்." நாளைக்கு நடக்கப்போவது என்பதால் "வில்" வந்துதான் ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் தமிழில் நீங்கள் அப்படிச் சொல்வதில்லையே. "நாளைக்கு அவன் வந்தால்" என்றுதான் சொல்கிறோம். "வந்தால்" என்பதைப் பிரித்துப் பாருங்கள்: வந்தேன், வந்தால், போனேன், போனால், சாப்பிட்டேன், சாப்பிட்டால். எல்லாமே இறந்தகால உருவத்தின் மேல் ஏறி நிற்கின்றன. ஆனாலும் நாளைக்கு நடப்பதைப் பற்றித்தான் பேசுகிறோம், யாருக்கும் குழப்பம் வருவதில்லை. நிபந்தனைப் பகுதியில் வினையின் உருவம் ஒன்று, அது குறிக்கும் காலம் வேறு. இது நமக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம்தான். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் நிகழ்கால உருவம் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்: "இஃப் ஹீ கம்ஸ் டுமாரோ, ஐ வில் டெல் ஹிம்." "வென்", "அன்டில்", "பிஃபோர்", "ஆஸ் சூன் ஆஸ்" எல்லாவற்றுக்கும் இதே கதை.

இதைக் கற்றுக்கொண்ட கையோடு இன்னொரு பிழை வரும். "இஃப்" தெரிந்த இடத்தில் எல்லாம் "வில்"லைப் பிடுங்கிவிடுவார்கள். "ஐ டோன்ட் நோ இஃப் ஹீ வில் கம்" என்பது முழுக்கச் சரியான வாக்கியம். அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: "அவன் வருவானா என்று தெரியாது." இங்கே இருப்பது "-ஆல்" இல்லை, கேள்விக்கு வரும் "-ஆ". ஆக, சந்தேகம் வந்தால் தமிழில் ஒருமுறை சொல்லுங்கள். "வந்தால்" என்று வந்தால் "வில்" வேண்டாம். "வருவானா" என்று வந்தால் "வில்" இருக்கட்டும்.

"இஃப் யூ வில் வெயிட் எ மினிட், ஐ வில் கால் ஹிம்" என்று வரவேற்பில் இருப்பவர் சொல்வதும் சரிதான். அந்த "வில்" எதிர்காலம் காட்டுவதில்லை, "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சம்மதமானால்" என்ற மரியாதையைக் காட்டுகிறது.

அறிகுறி: இலக்கணம் சரியாக இருக்கிறது, ஆனால் கேட்பவர் வேறு மாதிரி புரிந்துகொள்கிறார்

இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

"பணம் இருந்தால் வாங்குவேன்." இந்த வாக்கியத்தை இரண்டு பேர் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மாதக் கடைசியில் சம்பளத்தை எதிர்பார்த்து, கையில் கொஞ்சம் மிஞ்சும்போலத் தெரிகிறது, மிஞ்சினால் மிக்ஸி வாங்கலாம் என்ற நினைப்பில் சொல்கிறார். இன்னொருவர் கடை வாசலில் நின்று, வாங்க வழியே இல்லாத ஒரு காரைப் பார்த்துச் சொல்கிறார். தமிழில் இரண்டும் ஒரே வாக்கியம். குரல், முகம், சந்தர்ப்பம் இவைதான் வித்தியாசத்தைக் காட்டும். அப்படியும் போதவில்லை என்றால் பெருமூச்சு ஒன்று சேரும்.

ஆங்கிலம் அந்த முடிவைக் குரலிடம் விடுவதில்லை, வினையிடம் கேட்கிறது. முதல் ஆள் "இஃப் ஐ ஹேவ் மணி, ஐ வில் பை இட்" என்று சொல்ல வேண்டும். இரண்டாவது ஆள் "இஃப் ஐ ஹேட் மணி, ஐ வுட் பை இட்." இந்த "ஹேட்" இறந்தகாலம் கிடையாது. பேசுவது இன்றைக்கு, பணம் இல்லாததும் இன்றைக்கு. நடப்பிலிருந்து விலகி நிற்கிறோம் என்று காட்ட ஆங்கிலம் வினையை ஒரு படி பின்னால் தள்ளிவைக்கிறது, அவ்வளவே. இந்த ஒன்று புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். என் அனுபவத்தில், பதினைந்து வருடம் ஆங்கிலம் படித்தவர்களுக்கும் யாரும் இதை உட்காரவைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை "இல்லையே" சோதனை. நிபந்தனையைச் சொன்ன கையோடு மனசுக்குள் "ஆனால் இல்லையே" என்று ஒட்டிப் பாருங்கள். "எனக்கு நேரம் இருந்தால் வருவேன்... ஆனால் இல்லையே." ஒட்டுகிறது என்றால் "ஹேட்", "வுட்": "இஃப் ஐ ஹேட் டைம், ஐ வுட் கம்." கேட்பவருக்கு நீங்கள் வரவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். ஒட்டவில்லை, இருக்கலாம் இல்லாமலும் போகலாம் என்றால் "ஹேவ்", "வில்": "இஃப் ஐ ஹேவ் டைம், ஐ வில் கம்." அவர் உங்களுக்கு ஓர் இலை போட்டு வைப்பார்.

அலுவலகத்தில் இது பணத்தைத் தொடும் விஷயம். எனக்குத் தெரிந்த ஒருவர் வாடிக்கையாளருக்கு "இஃப் யூ ஆர்டர்ட் 500 பீசஸ், வீ வுட் கிவ் 10 பர்சென்ட் டிஸ்கவுன்ட்" என்று எழுதினார். "ஆர்டர் பண்ணினால்" என்பதில் தெரியும் "பண்ணின" அவரை "ஆர்டர்ட்" என்று எழுதவைத்தது. எதிர்முனையில் இருந்தவர், நாம் ஆர்டர் பண்ண மாட்டோம் என்று இவர்களே நினைக்கிறார்கள்போல, தள்ளுபடியும் சும்மா பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, உண்மையாகவே தருவீர்களா என்று கேட்டு எழுதினார். "இஃப் யூ ஆர்டர் 500 பீசஸ், வீ வில் கிவ்" என்று இருந்திருந்தால் அது உறுதிமொழி, அங்கேயே முடிந்திருக்கும். பேரம் பேசும்போது தூரத்தில் நின்று ஆழம் பார்க்க வேண்டும் என்றால் "ஆர்டர்ட்... வுட்" நல்ல கருவிதான், அதைத் தெரிந்து எடுக்க வேண்டும்.

"நானா இருந்தா இதை வாங்க மாட்டேன்" என்று சொல்கிறோமே, அதுவும் இந்த வகைதான். நான் நீங்கள் ஆக முடியாது, "இல்லையே" கட்டாயம் ஒட்டும். "இஃப் ஐ வேர் யூ, ஐ வுட் நாட் பை திஸ்." "ஐ"க்கு "வாஸ்"தானே வரும் என்றால், பேச்சில் "இஃப் ஐ வாஸ் யூ" என்று நிறைய ஆங்கிலேயர்களே சொல்கிறார்கள், யாரும் திருத்த மாட்டார்கள். எழுத்திலும் தேர்விலும் "வேர்" போட்டுவிடுங்கள், இந்த இடத்தில் "ஐ", "ஹீ", "ஷீ" எல்லாவற்றுக்கும் "வேர்"தான்.

ஆசைப்படும் வாக்கியமும் இதே வீட்டுப் பிள்ளை. "ஒரு வண்டி இருந்தால் நன்றாக இருக்கும்" என்பதை "இஃப் ஐ ஹேவ் எ பைக், இட் வில் பி நைஸ்" என்கிறோம். "ஐ விஷ் ஐ ஹேட் எ பைக்" என்று சொல்லுங்கள், அந்த "-ஆல்" வாக்கியத்தின் முழு வேலையையும் ஒரு "விஷ்" பார்த்துக்கொள்ளும். "ஐ விஷ் ஐ ஹேவ்" என்று மட்டும் வேண்டாம்.

அறிகுறி: நடந்து முடிந்ததைப் பற்றிப் பேசும்போது "வுட் ஹேவ்" இரண்டு பக்கமும் வருகிறது

"இஃப் ஐ வுட் ஹேவ் நோன், ஐ வுட் ஹேவ் கம்." அமெரிக்கர்கள் பேச்சில் இப்படிச் சொல்வதை நீங்கள் கேட்டிருக்கலாம். அவர்கள் ஊரிலேயும் எழுத்தில் இதைப் பிழையாகத்தான் பார்க்கிறார்கள்.

சரிசெய்யத் தமிழே போதும். "தெரிந்திருந்தால் வந்திருப்பேன்." இந்த இரண்டு சொல்லிலும் நடுவில் ஓர் "இரு" ஒளிந்திருக்கிறது. தெரிந்து + இருந்தால், வந்து + இருப்பேன். "இருந்தால்" வரும் பக்கத்துக்கு "ஹேட்", "இருப்பேன்" வரும் பக்கத்துக்கு "வுட் ஹேவ்." இரண்டு பக்கமும் வினையின் மூன்றாவது உருவம். "இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்." பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இதைத்தான் சொன்னேன். அவள் ஒரு தாளில் இடப்பக்கம் "இருந்தா", வலப்பக்கம் "இருப்பேன்" என்று எழுதி, கீழே கீழே ஆங்கிலத்தை நிரப்பினாள். "இஃப் ஐ ஹேட் ஃபினிஷ்ட் மை கோர்ஸ் லாஸ்ட் இயர், ஐ வுட் ஹேவ் ஜாயின்ட் தட் கம்பெனி." ஏழெட்டு வாக்கியம் எழுதியதும் தாளைப் பார்க்காமலே சொன்னாள்.

ஒன்பதாவது வாக்கியத்தில் ஒரு சிக்கல் வந்தது. "அப்பவே டைப்பிங் கத்துக்கிட்டிருந்தா இப்ப ஈஸியா இருக்கும்." இடப்பக்கம் "இருந்தா" சரி, வலப்பக்கம் "இருந்திருக்கும்" என்று வரவில்லை, வெறும் "இருக்கும்." அப்படியானால் ஆங்கிலத்திலும் "ஹேவ்" போகவேண்டியதுதான்: "இஃப் ஐ ஹேட் லேர்ன்ட் டைப்பிங் தென், இட் வுட் பி ஈஸி நவ்." செய்யத் தவறியது அன்றைக்கு, அதன் பலன் இன்றைக்கு. தமிழ் எதைச் சொல்கிறதோ அதை அப்படியே நம்புங்கள், இந்த விஷயத்தில் அது ஏமாற்றாது.

எழுத்தில் வரும் இரண்டு கோளாறுகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேகமாகப் பேசும்போது "வுட் ஹேவ்" என்பது "வுடவ்" என்று காதில் விழும், அதை "வுட் ஆஃப்" என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி ஒரு சொற்றொடரே ஆங்கிலத்தில் கிடையாது. அப்புறம் "ஐட்" என்று சுருக்கி எழுதுவது: அதற்குள் இருப்பது "ஹேட்"டா "வுட்"டா? அடுத்த வினையைப் பாருங்கள். "ஐட் நோன்" என்றால் மூன்றாவது உருவம், ஆக "ஹேட்." "ஐட் கோ" என்றால் வெறும் வினை, ஆக "வுட்." "யூட் பெட்டர் கோ" மட்டும் விதிவிலக்கு, வெறும் வினைதான் வருகிறது என்றாலும் உள்ளே இருப்பது "ஹேட்."

அறிகுறி: நிச்சயம் நடப்பதற்கும் "இஃப்" போடுகிறீர்கள்

தை பிறந்தால் வழி பிறக்கும் என்கிறோம். தை பிறக்குமா பிறக்காதா என்று யாருக்காவது சந்தேகம் உண்டா? மார்கழி முடிந்தால் தை, அது வந்தே தீரும். ஆனாலும் "பிறந்தால்" என்கிறோம். "பொழுது விடிந்தால்", "மணி ஆறு அடித்தால்", "ஞாயிற்றுக்கிழமை வந்தால்" எல்லாம் இப்படித்தான். நம்முடைய "-ஆல்" நிச்சயமானதையும் சந்தேகமானதையும் ஒரே கூடையில் போடும். ஆங்கிலம் பிரித்து வைக்கும். வந்தே தீரும் என்றால் "வென்", வரலாம் வராமல் போகலாம் என்றால் "இஃப்."

"வென் ஐ ரீச் ஹோம், ஐ வில் கால் யூ" என்பதற்குப் பதில் "இஃப் ஐ ரீச் ஹோம்" என்று இரவு பஸ்ஸில் ஏறும்போது யாருக்கும் எழுதாதீர்கள். போய்ச் சேருவதே சந்தேகம் என்று பொருள் வந்து, படிப்பவர் தூங்க மாட்டார்.

இதற்கு எதிர்ப்பக்கம் "இன் கேஸ்." "மழை வந்தாலும் வரும், குடையை எடுத்துக்கோ" என்று வீட்டில் சொல்வார்களே, அந்த அழகான "வந்தாலும் வரும்" ஆங்கிலத்தில் "டேக் அன் அம்ப்ரெல்லா இன் கேஸ் இட் ரெயின்ஸ்." இதையே "இஃப் இட் ரெயின்ஸ்" என்று சொன்னால் மழை பெய்ய ஆரம்பித்தபிறகு குடையை எடு என்று ஆகிவிடும்.

அறிகுறி: "-ஆலும்", "-ஆல்தான்", "-ஆவிட்டால்" வந்தால் வாக்கியம் கோணலாகிறது

"மழை பெய்தாலும் போவேன்", "மழை பெய்தாலும் போனேன்." முன்பாதி இரண்டிலும் ஒன்றுதான், பின்னால் வரும் வினை வேறு. "போவேன்" என்றால் மழை இன்னும் வரவில்லை: "ஈவன் இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் கோ." "போனேன்" என்றால் மழை பெய்தே விட்டது: "ஈவன் தோ இட் ரெயின்ட், ஐ வென்ட்." கடைசி வினையைப் பார்த்து முதல் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். "ஈவன் தோ" போட்டபிறகு நடுவில் "பட்" வேண்டாம்.

"படித்தால்தான் பாஸ் ஆகலாம்" என்பதை "இஃப் யூ ஸ்டடி ஒன்லி யூ வில் பாஸ்" என்கிறோம். "ஒன்லி"யை "இஃப்"புக்கு முன்னால் கொண்டுபோங்கள்: "யூ வில் பாஸ் ஒன்லி இஃப் யூ ஸ்டடி."

"வராவிட்டால்" என்பதில் மறுப்பு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. "அன்லெஸ்" என்பதிலும் இருக்கிறது. அதனால் "அன்லெஸ் யூ டோன்ட் கம்" என்றால் மறுப்பு இரண்டாகிப் பொருள் தலைகீழாகும். "அன்லெஸ் யூ கம்" போதும்.

அறிகுறி: "எங்கே போனால்", "எதில் ஏறினால்" என்று கேட்க ஆங்கிலமே வரவில்லை

கோயம்பேட்டில் நின்று "எந்த பஸ்ஸில் ஏறினால் தாம்பரம் போகலாம்?" என்று கேட்பது நமக்கு எவ்வளவு இயல்பு. இதை ஆங்கிலத்தில் மாற்றப் போய் "இஃப் ஐ டேக் விச் பஸ்" என்று ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிடுகிறோம். இது உங்கள் குறை இல்லை. தமிழில் நிபந்தனைக்குள்ளேயே கேள்விச் சொல்லை வைக்கலாம், ஆங்கிலத்தில் அந்த வழி அடைப்பு. எவ்வளவு முயன்றாலும் "இஃப்" அங்கே உதவாது, அதனால் "இஃப்"பையே விட்டுவிடுங்கள். "விச் பஸ் ஷுட் ஐ டேக் டு கெட் டு தாம்பரம்?" "என்ன செய்தால் இது சரியாகும்?" என்பது "வாட் ஷுட் ஐ டூ டு ஃபிக்ஸ் திஸ்?" கேள்விச் சொல் முன்னால், நோக்கம் பின்னால்.

"யார் வந்தாலும்", "என்ன சொன்னாலும்", "எங்கே போனாலும்" மூன்றுக்கும் ஆங்கிலத்தில் தயாராக ஒற்றைச் சொல் இருக்கிறது: "ஹூஎவர்", "வாட்எவர்", "வேர்எவர்."

அறிகுறி: வந்த மெயிலில் "இஃப்"பே இல்லை, ஆனால் ஏதோ நிபந்தனைபோலத் தெரிகிறது

"ஷுட் யூ நீட் எனி ஹெல்ப், ப்ளீஸ் கால் அஸ்." இதைப் படித்துவிட்டு, உதவி வேண்டியிருக்க வேண்டும் என்கிறார்களா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கேள்வி நியாயமானது, "ஷுட்" என்றால் "வேண்டும்" என்றுதானே படித்திருக்கிறோம். வாக்கியத்தின் தொடக்கத்தில் "ஷுட் யூ" என்று வந்து, கடைசியில் கேள்விக்குறி இல்லை என்றால் அது "இஃப் யூ"வின் மரியாதை உடுப்பு. "ஹேட் ஐ நோன்" என்பது "இஃப் ஐ ஹேட் நோன்." "வேர் ஐ இன் யுவர் பொசிஷன்" என்பது "இஃப் ஐ வேர்." மறுப்பு வந்தால் மட்டும் "நாட்" தனியாக நிற்க வேண்டும்: "ஹேட் ஐ நாட் நோன்." புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும், நீங்களும் இப்படித்தான் எழுத வேண்டும் என்ற அவசியம் இல்லை. பேச்சில் இது கொஞ்சம் விறைப்பாகவே கேட்கும்.

நீங்கள் அனுப்பும் மெயிலுக்கு ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: "ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் சென்ட் த இன்வாய்ஸ் பை ஃப்ரைடே." இன்வாய்ஸுக்குப் பதில் எதை வேண்டுமானாலும் போடலாம். "குட்" என்ற இடத்தில் "கேன்" என்று எழுதினாலும் புரியும், ஆனால் முன்னால் "வுட்" வைத்துப் பணிவாகத் தொடங்கிவிட்டுப் பின்னால் "கேன்" என்று இறங்கினால் குரல் பாதியில் மாறியதுபோல இருக்கும். இந்த வாக்கியத்தில் "இஃப்" பின்னால் வருவதால் நடுவில் காற்புள்ளியும் தேவையில்லை.